தரிசு என்று எழுதப்படும் சேற்று நிலம்

2025 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் புதுப்பித்து வெளியிட்ட செம்பட்டியல், மெல்லலகுக் கோட்டான் என்னும் பறவையினம் அற்றுப்போய்விட்டதென அறிவித்தது. ஐயத்திற்கிடமின்றி அது கடைசியாகக் காணப்பட்டது 1995 பிப்ரவரியில், மொராக்கோ நாட்டின் மெர்ஜா ஜெர்கா உப்பங்கழியில். மரண அறிவிப்பு வந்துசேர முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கோட்டான் என்றதும் தமிழருக்கு ஆந்தை நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே குறிக்கப்படுவது வேறு பறவை. நெடிய கால்களும், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகும் கொண்ட கடற்கரைப் பறவை. வளைவு எனப் பொருள்தரும் ‘கோடு’ என்ற சொல்லோடு இப்பெயர் நன்றாகவே பொருந்துகிறது. இதன் உறவினமான ஐரோவாசியக் கோட்டான் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கட்ச் வளைகுடா முதல் சுந்தரவனம் வரை இந்தியக் கரைகளுக்கு வருகிறது. உடன் வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பலவகை. இவற்றின் நிலையும் நன்றாக இல்லை. 2024ஆம் ஆண்டின் செம்பட்டியலில் மட்டும் வலசை வரும் 16 கரைப்பறவை இனங்கள் முன்னிலும் கூடிய ஆபத்து வகைக்கு மாற்றப்பட்டன. நம் நாட்டுக்கு வரும் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அவற்றுள் அடங்கும்.

இப்பறவைகளின் அன்றாடத்தை நடத்துவது கதிரவன் அன்று, கடலின் ஏற்றவற்றமே. நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுவெளியில் அலகைச் செலுத்திப் புழுவும் சிறு நண்டும் தேடுகின்றன. நீர் ஏறியதும் சேற்றுவெளி மூழ்கிவிடும். அடுத்த வற்றம் வரை நின்று இளைப்பாற, நீர் ஆழமில்லாத, நாலாபுறமும் பார்வை மறைக்காத திறந்தவெளி ஒன்று அருகிலேயே வேண்டும். இந்தியக் கரைகளில் பல இடங்களில் அந்த வெளி உப்பளம்தான். உப்புக்கொத்தி என்ற பெயரே அதற்குச் சான்று. உப்பளம் மறைந்தால் பறவை தொலைவிலுள்ள வேறிடத்திற்குப் பறக்க வேண்டும். சேற்றுவெளியில் தேடிய கொழுப்பு அந்தப் பயணத்திலேயே எரிந்துபோகும். வேனிலில் வடதுருவத்தை ஒட்டிய நிலங்கள்வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிச் செல்ல அந்தக் கொழுப்பே எரிபொருள். ஆகவே சேற்றுவெளியைக் காத்துவிட்டு உப்பளத்தை விற்றுவிடுவது, உலையைக் காத்து அரிசியை விற்பது போன்றது.

இந்திய அரசின் சட்டங்கள் செய்வது ஏறத்தாழ இதுவே. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் சேற்றுவெளிகள், தாளளவிலேனும், மிகுந்த பாதுகாப்புக்குரிய வகையில் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளோ, உப்பு உற்பத்திக்கென மனிதரால் அமைக்கப்பட்டவற்றை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே நீக்கிவிட்டன. நெல்வயலும் பாசன ஏரியும் அவ்வாறே நீக்கப்பட்டன. இன்னொரு பக்கம், ஒன்றிய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு சதுப்பு நிலத்தையும் உவர் நிலத்தையும் தரிசு வகைகளாகவே கணக்கிடுகிறது. ஒரு நிலத்தில் உழைப்பும் உயிரும் இல்லை என்று எழுதிவிட்டால், அதைக் கைமாற்றுவது எளிது. இதே அரசுதான் 2020 பிப்ரவரியில் காந்திநகரில் வலசை உயிரினங்கள் குறித்த ஐ.நா. மாநாட்டை நடத்தி, மத்திய ஆசியப் பறவைப் பாதையின் காவலனாகத் தன்னை உலகின் முன் நிறுத்திக்கொண்டது.

மும்பையில் நடப்பதைப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும், 2022இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. கழிமுகத்தில் நீர் ஏறும்போது பறவைகள் ஒதுங்கும் உப்பளங்கள் பாண்டுப், காஞ்சூர்மார்க், முலுண்ட் பகுதிகளில் உள்ளன. அங்கே ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பள நிலத்தைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு வழங்க 2024இல் ஒப்புதல் தரப்பட்டது. அத்திட்டத்தைச் செயற்படுத்தும் கூட்டு நிறுவனத்தில் 80 சதவீதப் பங்கு அதானி குழுமத்துடையது.

இங்குதான் தோழர்கள் சிலரிடமும் எழும் ஒரு கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கிறது: வீடற்ற ஏழைக்கு வீடா, வெளிநாட்டிலிருந்து வரும் பறவைக்கு இடமா? கேள்வியே மூலதனம் வடிவமைத்துத் தந்தது. உப்பள நிலத்திற்கு அனுப்பப்படவிருப்போர், தாராவியில் வாழ்ந்தும் உழைத்தும் வந்த போதிலும் ‘தகுதியற்றோர்’ எனப் பட்டியலிடப்படும் மக்கள். நகரின் நடுவே விலைமதிப்பற்ற நிலத்தை விடுவிப்பதற்காக அவர்கள் தொழிலிடத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, பெருமழையில் வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தில் குடியேற்றப்படுவர். 2005 சூலையின் பெருவெள்ளத்தைக் கண்ட நகரம் அது. ஏழை, பறவை ஆகிய இருவரையும் ஒரே கை தள்ளுகிறது. அவர்களை எதிரெதிரே நிறுத்துவதும் அதே கைதான்.

மறுபக்கத் தவறும் உண்டு. குஜராத்தின் சிறிய ரண் பகுதி 1973இல் காட்டுக்கழுதைச் சரணாலயமானது. தலைமுறை தலைமுறையாக அங்கே உப்பு விளைவிக்கும் அகரியா மக்கள், கையில் நில ஆவணம் இல்லாத காரணத்தால் சொந்த உப்பளத்திலேயே அத்துமீறியோராக நடத்தப்பட்டனர். வேலியும் வனத்துறையும் மட்டுமே பாதுகாப்பு என எண்ணும் நடுத்தர வர்க்கச் சூழலியல், உப்பளத்தைப் பறவைக்கு ஏற்றதாக வைத்திருப்பது உப்பளத் தொழிலாளியின் உழைப்பு என்பதைக் காண்பதில்லை. நீர் பாய்ச்சி, வரப்புக் கட்டி, ஆழத்தை அளவாக வைத்திருக்கும் கை விலகினால், அந்தப் பாத்தி வறண்டோ புதர் மண்டியோ போகும்.

அண்டை வங்கதேசத்தின் சோனாதியா தீவில் வேறுவழி ஒன்று கடைப்பிடிக்கப்பட்டது. உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ள, ஒரு காலத்தில் நமது கோடியக்கரையிலும் காணப்பட்ட கரண்டிமூக்கு உள்ளான், அத்தீவின் பறவை வேட்டையாளர் வலைகளில் சிக்கிக்கொண்டிருந்தது. வறுமையே அவர்களை வலை விரிக்க வைத்தது என்பதை உணர்ந்த பாதுகாப்பாளர்கள், மீன்பிடிப்பு முதலான மாற்றுத் தொழில்களுக்கு உதவி செய்தனர். வேட்டை பெருமளவு நின்றது. சிறைத்தண்டனையால் முடியாதது பிழைப்புக்கான வழியால் முடிந்தது.

சோவியத் வரலாற்றையும் இங்கே மறைக்கத் தேவையில்லை. மெல்லலகுக் கோட்டானின் கூடுகள் என உறுதியாக அறியப்பட்டவை, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சைபீரியாவின் தாரா நகரருகே உஷாகோவ் கண்டவை மட்டுமே. அவ்வினத்தின் அழிவுக்கு ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்களுள் வேட்டையோடு புல்வெளிகள் உழப்பட்டதும் ஒன்று. 1954இல் தொடங்கிய கன்னிநில இயக்கம் கஜக் புல்வெளியைப் பெருமளவில் உழுதது. அறுபதுகளின் தொடக்கத்தில் அதே நிலத்திலிருந்து புழுதிப்புயல்கள் எழுந்தன. உணவுக்கான தேவை உண்மையானது. நிலம் வெறுமையாகக் கிடக்கிறது என்ற கணிப்பு பிழையானது. அப்பிழை இலாபவெறியிலிருந்து பிறக்கவில்லை என்பதால் அதன் விளைவு குறைந்துவிடவில்லை.

ஆகவே கோரிக்கைகள் நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும். 2017 விதிகளின் விலக்குப் பிரிவு நீக்கப்பட்டு, உப்பளங்கள் ஈரநிலமாக ஏற்கப்பட வேண்டும். குத்தகை முடிந்த அரசு உப்பளங்களை நிலத்தரகு நிறுவனங்களுக்கு மாற்றாமல், தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு நெடுங்காலக் குத்தகையாக வழங்க வேண்டும். அகரியாக்களுக்கும், சேற்றுவெளியில் சிப்பியும் நண்டும் பொறுக்கி வாழும் பெண்களுக்கும் பயன்பாட்டுரிமை எழுத்தில் கிடைக்க வேண்டும். தாராவி மக்களுக்குத் தாராவியிலேயே வீடு வேண்டும். கடலோர மாவட்டக் குழுக்கள் தம் பகுதியின் உப்பளமும் சேற்றுவெளியும் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் என்ன பெயரில் எழுதப்பட்டுள்ளன என்று இப்போதே பார்த்துவைப்பது நல்லது. ‘தரிசு’ என்றிருந்தால் அதைத் திருத்தக் கோரும் மனுவில் உப்பளத் தொழிலாளர் சங்கமும் மீனவர் சங்கமும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும்.