தியாகமல்ல, கூலியில்லாத வேலை

2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தகப்பன் மனுவோடு வந்தார். பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டு, ஓயாமல் வலிப்பு வந்துகொண்டிருந்த தன் மகனைக் கருணைக்கொலை செய்ய அனுமதிக்க வேண்டும் என்பதுதான் மனு. மருத்துவர்களை வைத்துப் பிள்ளையைச் சோதிக்கச் சொன்ன நீதிமன்றம், கடைசியில் அனுமதி தரவில்லை. தீர்ப்புச் சொல்லும்போது நீதிபதி கண்கலங்கினார் என்று பத்திரிகைகள் எழுதின. ஊரும் ரெண்டு நாள் உச்சுக்கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அனுமதி மறுத்தது சரி. ஆனால் அந்த வீட்டில் அத்தனை வருசமாக எத்தனை ராத்திரி கண் மூடியிருப்பார்கள் என்று யார் கேட்டோம்? ‘நீங்க போயிப் படுங்க, இன்னிக்கு நான் பாத்துக்கிறேன்’ என்று சொல்ல அரசாங்கத்தில் ஓர் ஆள் உண்டா, ஊரில் உண்டா, இயக்கத்தில் உண்டா? பிள்ளையின் சாவைக் கேட்டு மனுப் போட நீதிமன்றம் இருக்கிறது. ஒரு நாள் ஓய்வு கேட்டு மனுப் போட இடம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை வரவிடாமல் தடுக்க நம் சமூகம் ஒரு சொல்லைக் கைவசம் வைத்திருக்கிறது: தியாகம். ‘தாய்னா சும்மாவா, தெய்வம்ல’ என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டால் கணக்கு முடிந்தது. தெய்வத்துக்குக் கூலி கிடையாது, முதுகு வலி கிடையாது. இந்தத் தந்திரம் தலித்துகளுக்குப் பழக்கமானது. 1936-இல் ‘ஹரிஜன்’ இதழில் காந்தி, மலம் அள்ளும் தொழிலாளி சமூகத்துக்குச் செய்வதைத் தாய் தன் குழந்தைக்குச் செய்வதோடு ஒப்பிட்டு எழுதினார். தாயையும் துப்புரவுத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைத்துப் புனிதமாக்கினார். இருவரின் உழைப்புக்கும் விலை வைக்க வேண்டாம் என்பதற்குப் புனிதம் நல்ல வசதி. பீ மூத்திரம் அள்ளும் வேலையைச் சேரியின் தலையில் கட்டிய அதே கை, வீட்டுக்குள் அதைப் பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறது. சேரியில் பிறந்த பெண்ணுக்கு இரண்டு சுமையும் உண்டு.

நான் வாடிப்பட்டியில் வங்கிக் குமாஸ்தா. உதவித்தொகை ஏறிவிட்டதா என்று பாஸ்புத்தகத்தை நீட்டுகிறவர்களில் இந்தத் தாய்மார்கள் உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும், தசைச்சிதைவு நோயுள்ளவர்களுக்கும் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 2,000 ரூபாய். நாள் கணக்குக்கு 66 ரூபாய் சொச்சம். ‘பையனப் பக்கத்து வீட்டுல போட்டுட்டு வந்திருக்கேன் சார், சட்டுன்னு விடுங்க’ என்றார் ஒருவர். இன்னிக்கு வேலைக்குப் போகலையாம்மா என்று கேட்டேன். ‘நான் களையெடுக்கப் போயி நாலு வருசமாச்சு சார்.’ உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு என்றேன். ‘எனக்கென்ன சார்’ என்றார். கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

தசைச்சிதைவில் டுஷென் வகை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வருவது. ஓடியாடிய பிள்ளை நாலைந்து வயதில் அடிக்கடி விழும். பன்னிரண்டு வயதுவாக்கில் நடை நின்றுபோகும். பிள்ளை வளர வளரத் தாய் தூக்குகிற பாரமும் வளரும். ராத்திரி தானாகப் புரண்டு படுக்க முடியாதபோது, புரட்டிவிட ஒருத்தி விழித்திருக்க வேண்டும். தலசீமியா என்றால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருதரம் இரத்தம் ஏற்ற வேண்டும். வருசத்துக்குப் பதிமூன்று தடவைக்குக் குறையாமல் மதுரைப் பெரியாஸ்பத்திரி மாதிரி ஓர் இடத்தில் நாள் முழுக்கக் காத்துக்கிடக்க வேண்டும். 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையென்று ஆனது, நல்லது. ஆனால் அன்றைக்குப் போன கூலியை எந்தக் கண்டக்டர் திருப்பித் தருவார்?

இத்தனைக்கும் மேலே பழி. ‘அவ வயித்துக் கோளாறு’, ‘போன ஜென்மத்துப் பாவம்.’ டுஷென் நோய்க்கான மரபணு தாய்வழியாக வருவதுண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அது தாயிடம் இல்லாமலேயே புதிதாக ஏற்படுகிறது. தலசீமியாவிலோ தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வந்தால்தான் பிள்ளைக்கு நோய் கடுமையாகும். மருத்துவம் இப்படிச் சொல்லும்போது, கர்ம வினை என்று சொல்கிறவன் நோயை விளக்கவில்லை. உதவி செய்யாமல் தப்பிக்க வழி தேடுகிறான். நம்மை ஊருக்கு வெளியே வைக்கச் சொன்ன காரணமும் அதே கர்மம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கூலி வாங்கியோ வாங்காமலோ பராமரிக்கிற பெற்றோரையும் ‘பராமரிப்பாளர்’ என்றே வரையறுக்கிறது. அதன் 24-ஆம் பிரிவில் அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்ற சொல் இருக்கிறது. கூடவே, அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற சொல்லும் இருக்கிறது. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இன்னொரு நல்ல விதி இருந்தது. வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்து அவருக்கும் கூலி தர வேண்டும். அதாவது பிள்ளை பார்ப்பது வேலை என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது. ஊரார் பிள்ளையைப் பார்த்தால் கூலி, படுத்த படுக்கையான சொந்தப் பிள்ளையைப் பார்த்தால் தியாகம். இது என்ன நியாயம்?

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. இமாசலப் பிரதேசத்து அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர், எலும்பு எளிதில் முறியும் நோயுள்ள மகனைக் கவனிக்க விடுப்புக் கேட்டிருந்தார். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் தாய்மாருக்குப் பராமரிப்பு விடுப்பை மறுப்பது, அரசியல் சட்டம் விதிக்கும் கடமையை மீறுவது என்று நீதிபதிகள் சொன்னார்கள். மத்திய அரசு ஊழியருக்கு இந்த விடுப்பு 730 நாள் வரை உண்டு. எனக்கும் வருசத்துக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. சங்கம் போராடி வாங்கிய மற்ற விடுப்புகளும் உண்டு. ஆனால் பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் நாற்று நடுகிறவளுக்கும், மதுரையில் சித்தாள் வேலை பார்க்கிறவளுக்கும் யார் விடுப்புத் தருவது? விடுப்பு விண்ணப்பத்தை யார் பெயருக்கு எழுதுவது? மாதச் சம்பளக்காரருக்குக் கிடைத்த உரிமை அன்றாடக் கூலிக்காரரைத் தொடவே இல்லை. அந்தக் கூலிக்காரர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை.

அம்பேத்கர் வீட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ரமாபாய் பெற்ற ஐந்து பிள்ளைகளில் கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா நான்கு பேரும் சின்ன வயதிலேயே இறந்தார்கள். யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். அண்ணல் இலண்டனில் படித்த காலத்தில், மும்பையில் வறுமையோடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு போராடியவர் ரமாபாய். ராஜரத்னா இறந்தது 1926 ஜூலையில். சரியாக இரண்டு வருசம் கழித்து, 1928 ஜூலையில், பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன் என்றும், அந்தச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றும் வாதாடினார். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. ரமாபாயின் பாட்டைப் புகழ்ந்து பாட நமக்குத் தெரியும். அந்த மனிதர் அதைச் சட்டமன்றத்தில் செலவுக் கணக்காக மாற்றிப் பேசினாரே, அதைத்தான் நாம் தொடர வேண்டும்.

அதனால் நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். பராமரிப்பாளர் படி பிள்ளைக்கான தொகையிலிருந்து தனியாக, ஒரு நாள் விவசாயக் கூலியைக் கணக்கிட்டு வர வேண்டும். வட்டத்துக்கு ஓர் இடமாவது பிள்ளையைச் சில நாள் நம்பி விட்டுப்போகிற மாதிரி இருக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுப்படி ஏறி வந்தவர்கள், பிள்ளையின் கைகாலை நீவிவிட்டதோடு நிற்காமல் தாய்க்கும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். தூங்குறீங்களாம்மா என்று கேட்க வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாணவத் தோழர்கள் தங்கள் தெருவில் இப்படி எத்தனை வீடு என்று கணக்கெடுங்கள். அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுங்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்தால் தாயின் கையெழுத்து வங்கியில் செல்லாமல் போகும். அப்போது 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழுவில் காப்பாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வங்கிகள் ஏற்கலாமென்று ரிசர்வ் வங்கி 2007-இலேயே சொல்லிவிட்டது. இது தெரியாமல் அலைகிற வீடுகள் நிறைய.

கடைசியாக ஆண் தோழர்களுக்கு. நோயாளிப் பிள்ளையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்து பெண்விடுதலை பேசுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரட்டும். நீங்கள் வீட்டில் இருந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்க வையுங்கள், துடைத்துவிடுங்கள், சோறு ஊட்டுங்கள். அவர் மேடை ஏறிப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.