வாஸ் என்றால் வாஸ்கோ வம்சமா?

தூத்துக்குடியிலோ நீர்கொழும்பிலோ ஒருவர் தன் பெயரை 'வாஸ்' என்று முடித்தால் போதும், கேட்டவர் அந்தக் குடும்பத்தின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றை அங்கேயே எழுதிவிடுவார். "பறங்கி வம்சமா? வாஸ்கோ ட காமா வழியா?" இதைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள், சிலர் ஏளனமாகச் சொல்கிறார்கள். இரு தரப்பும் நம்புவது ஒன்றையே: போர்த்துக்கீசியப் பெயர் இருந்தால் போர்த்துக்கீசிய இரத்தம் இருக்கும், அதுவும் பர்னாந்து, பெரேரா போலப் பரவலாக இல்லாத அரிய பெயர் என்றால் சந்தேகமே வேண்டாம்.

சந்தேகம் வேண்டும். இந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

1. "வாஸ்கோவின் வழியில் வந்தவர்களே வாஸ்"

பாதி உண்மை. போர்த்துக்கீசிய மொழியில் தந்தையின் பெயரோடு 'எஸ்' சேர்ந்து மகனின் பெயராகும். பெர்னாந்துவின் மகன் பெர்னாந்தெஸ், ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகெஸ், வாஸ்கோவின் மகன் வாஸ்கெஸ். அந்த வாஸ்கெஸ் தேய்ந்ததுதான் வாஸ். ஆனால் எந்த வாஸ்கோ? நம்மூர் முருகன், கந்தன் போல அங்கே அது ஊருக்கு ஊர் வழங்கிய பெயர். பிரேசில் கரையைக் கண்ட செய்தியை 1500இல் மன்னருக்குக் கடிதமாக எழுதியவர் பேரோ வாஸ் தெ காமின்யா. அவருடைய தந்தையின் பெயர் வாஸ்கோ பெர்னாந்தெஸ். காமாவோடு அந்த வாஸ்கோவுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

காமாவின் பிள்ளைகளையே பார்ப்போம். எஸ்தெவாவ் ட காமா 1540 முதல் 1542 வரை கோவாவில் ஆளுநராக இருந்தார். கிறிஸ்தோவாவ் ட காமா 1542இல் எத்தியோப்பியப் போரில் கொல்லப்பட்டார். இன்னொரு மகன் பேத்ரோ ட சில்வா. மற்றொருவர் அல்வாரோ தெ அத்தாயித், தாயின் குடும்பப்பெயரைக் கொண்டவர். வாஸ் என்று ஒருவர்கூட இல்லை. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களே மூன்று விதமான குடும்பப்பெயர்களோடு வாழ்ந்தார்கள் என்றால், அந்தக் காலத்துப் போர்த்துக்கலிலேயே குடும்பப்பெயர் தந்தைவழிச் சான்றிதழாக இருக்கவில்லை என்றுதானே பொருள்? தாய்வழியில், பாட்டன்வழியில், சொத்து வந்த வழியில் பெயர் எடுத்துக்கொள்வது அவர்களுக்கு இயல்பு. பிறந்த மண்ணில் இல்லாத வேலையை அந்தப் பெயர் நம் கடற்கரையில் மட்டும் எப்படிச் செய்யும்?

2. "அப்பன் கொடுக்காமல் பெயர் எப்படி வந்திருக்கும்?"

ஞானத்தகப்பன் கொடுத்தார். முத்துக்குளித்துறையில் பரதவர் பெருந்திரளாக மனம் மாறியது 1535-37 ஆண்டுகளில். முத்துச் சலாபத்தின் உரிமைக்காக நடந்த சண்டையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி, பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பணியில் முன்னின்றவர்களில் ஒருவரான குருமுதல்வரின் பெயர் மிகேல் வாஸ். அவர் மணத்துறவுக்குக் கட்டுப்பட்ட குரு. அவருடைய பெயர் கரையில் பரவியிருந்தால் அது திருமுழுக்குத் தொட்டி வழியாகப் பரவியிருக்கும், தொட்டில் வழியாக அல்ல.

பெயர் எப்படி வழங்கப்பட்டது என்பதற்குச் சாட்சி புனித சவேரியாரே. 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்த பகுதியில், ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவர் 1545 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். ஒவ்வொருவருக்கும் அவருடைய புதுப்பெயரை எழுதியே கொடுத்ததையும் அதே கடிதத்தில் சொல்கிறார். பெயர் வந்த வழி இதுதான்: ஒரு நாள், ஒரு சடங்கு, கையில் ஒரு சீட்டு.

எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கடல்கடந்த ஆட்சி முழுவதிலும், எந்த ஒரு நேரத்திலும், உடல் வலுவுள்ள போர்த்துக்கீசிய ஆண்கள் பத்தாயிரம் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள் என்று கணித்தவர் வரலாற்றாசிரியர் சார்லஸ் பாக்சர். பெயர் பெற்றவர்களோ இந்த ஒரு கரையிலேயே அதைப்போல இரண்டு மடங்கு.

இன்னொரு தடயம் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. போர்த்துக்கலில் குடும்பப்பெயராக வழங்குவது பெர்னாந்தெஸ்; பெர்னாந்து என்பது ஆளுக்கு இடும் பெயர். நம் கரையிலும் இலங்கையிலும் பர்னாந்துவே குடும்பப்பெயராகிவிட்டது. ரொட்ரிகோவும் அப்படித்தான். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த குடும்பப்பெயராக இருந்தால் 'எஸ்' ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். ஞானஸ்நானத்தில் கிடைத்த ஆளின் பெயர் பின்னால் குடும்பத்துக்கே நிலைத்துவிட்டது என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம்.

3. "சரி, கோவாக்காரர்களாவது கலப்பினம்தானே?"

வாஸ் என்ற பெயருடையவர்களில் உலகறிந்தவர் புனித யோசேப் வாஸ். 1651இல் கோவாவின் பெனாலிமில் பிறந்தவர். தந்தை கிறிஸ்தோவாவ் வாஸ், தாய் மரிய தெ மிராந்தா. இரண்டும் அசல் போர்த்துக்கீசியப் பெயர்கள். ஆனால் குடும்பம் கொங்கணி பேசும் பிராமணக் குடும்பம். கிராமம் கிராமமாக மனமாற்றம் நடந்த கோவாவில் பெயர் மாறியது, குலம் மாறவில்லை. சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமும் விடவில்லை.

ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த இலங்கைக்கு அவர் 1687இல் கூலியாள் வேடத்தில் வந்தார். யாழ்ப்பாணத்தில் தங்கித் தமிழில் போதித்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீசிய ஒற்றன் என்ற ஐயத்தில் சிறையில் அடைக்கப்பட்டார். ஆளை விட்டுவிட்டு அடையாளத்தைப் பார்த்து முடிவுகட்டும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பின்னர் உண்மையை உணர்ந்து அவருக்குப் புகலிடம் தந்தான். 2015 சனவரியில் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

4. "பரவலான பெயர்கள் வழங்கப்பட்டிருக்கலாம், அரிய பெயர் வம்சமாகத்தான் இருக்கும்"

கேட்டவுடன் சரியென்று தோன்றுவதும் இதுதான், ஆய்ந்தால் நிற்காததும் இதுதான். பர்னாந்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வாஸ், மோத்தா, மச்சாடோ போன்றவர்கள் அவ்வளவு பேர் இல்லை. எனவே இவர்கள் வேறு என்பது கணக்கு.

ஒரு பெயர் ஏன் அரிதாகிறது? முதற்காரணம், தொடக்கத்திலேயே அது சிலருக்குத்தான் கிடைத்தது. ஆளுநர், கப்பற்தலைவன், அரசர் ஆகியோரின் பெயர்களைப் பலரும் கேட்டு வாங்கியிருப்பார்கள். சிறிய அதிகாரி ஒருவர் ஞானத்தகப்பனாக நின்றது நாலைந்து குடும்பங்களுக்கு மட்டும் என்றால் அந்தப் பெயர் அவ்வளவில்தான் நிற்கும். இரண்டாவது காரணம் வெறும் தற்செயல். ஆண்வழியில் மட்டும் செல்லும் பெயர்கள் தலைமுறை தோறும் எப்படி அழிகின்றன என்று 1870களில் பிரான்சிஸ் கால்ட்டனும் ஹென்றி வாட்சனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு தலைமுறையில் பெண் மக்களே பிறந்தாலோ, ஆண் பிள்ளை பிழைக்காவிட்டாலோ, துறவறம் போனாலோ அந்தக் கிளையில் பெயர் முடிந்தது. யாரும் எதுவும் செய்யாமலேயே சில பெயர்கள் பெருகும், பல பெயர்கள் மறையும். ஆகவே ஒரு பெயர் அரிதாக இருப்பது பிழைத்த மகன்களின் எண்ணிக்கையைச் சொல்லும். முதல் தந்தை எந்த நாட்டவர் என்பதைச் சொல்லாது.

பரதவரின் சாதித்தலைவர்கள் சிலருடைய பெயரில் குரூஸ், வாஸ், கோமஸ் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். ஒரே ஆளுக்கு மூன்று போர்த்துக்கீசிய வம்சங்களா? இல்லை. அவை பட்டங்களைப் போலச் சூட்டிக்கொண்டவை.

5. "நூறாண்டுக்கு மேல் ஆண்டவர்கள் இரத்தம் விட்டுப் போகாமலா இருப்பார்கள்?"

அப்படியானால் ஒல்லாந்தர் கணக்கைப் பார்ப்போம். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த அவர்கள், இடையில் ஆங்கிலேயரிடம் சிலகாலம் இழந்தாலும், 1825 வரை அங்கே உரிமை கொண்டிருந்தார்கள். போர்த்துக்கீசியரைவிட நீண்ட காலம். ஆண்டவர்களின் பெயர் இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்றால் தூத்துக்குடித் தெருக்களில் ஒல்லாந்துப் பெயர்கள் மலிந்திருக்க வேண்டும். தேடினாலும் கிடைப்பது அரிது. பரதவர் கத்தோலிக்கத்தை விடவில்லை. ஒல்லாந்தரின் கோயிலில் ஞானஸ்நானம் பெறவில்லை. எனவே ஒல்லாந்துப் பெயரும் வரவில்லை. பெயர் எந்தக் கதவு வழியாக நுழைந்தது என்பதை இந்த இன்மை காட்டிக்கொடுக்கிறது.

மொழியும் சாட்சி சொல்கிறது. போர்த்துக்கீசியக் கலப்பு வழித்தோன்றல்கள் உண்மையாகவே இருக்கும் இடம் மட்டக்களப்பு. அங்குள்ள பறங்கியர் போர்த்துக்கீசியக் கிரியோல் மொழியைத் தலைமுறைகளாகப் பேசிக் காத்தவர்கள். ஆனால் அவர்களிடையே அவுட்ஸ்கூர்ன், பார்த்தலட் போன்ற குடும்பப்பெயர்களைக் காணலாம், போர்த்துக்கீசியம் அல்லாதவை. பெயர் பிற ஐரோப்பியருடையது, பேச்சு போர்த்துக்கீசியம். முத்துக்குளித்துறையில் நேர்மாறு: பெயர் போர்த்துக்கீசியம், பேச்சு தமிழ். இந்த மக்களுக்காகவே அன்றீக்கு அடிகளார் தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்ற வேண்டியிருந்தது. போர்த்துக்கீசியத் தகப்பன்மார் வளர்த்த பிள்ளைகளாக இருந்தால் அந்தப் பாடு அவருக்கு எதற்கு?

6. "இலங்கையில் இந்தப் பெயர்கள் உயர்குடிக் கலப்பின் அடையாளம்"

இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா. அந்த 'டி' என்பது 'தொன்', போர்த்துக்கீசிய மரியாதைச் சொல். அவர் பௌத்தர். பௌத்த மறுமலர்ச்சியின் முகமான அநகாரிக தர்மபாலர் 1864இல் பிறந்தபோது இட்ட பெயர் தொன் டேவிட் ஹேவாவிதாரண. காலனி அரசின் பதிவேட்டில் இடம்பெற, பதவி பெற, நிலவுரிமை காட்ட இத்தகைய பெயர்கள் உதவின. பெயர் அலுவலகத்துக்கு, வழிபாடு விகாரைக்கு என்று இரண்டையும் பிரித்து வைத்தே பல குடும்பங்கள் வாழ்ந்தன.

கிரிக்கெட் வீரர் சமிந்த வாஸின் முழுப்பெயர் இதற்குத் தெளிவான பாடம்: வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். முதலில் வருவது கரையோரக் கராவ சமூகத்தாரிடையே வழங்கும் குலப்பெயர். அடுத்தது வீட்டுப்பெயர், பட்டம் கட்டிய தலைவனின் வீடு என்று அதற்குப் பொருள், நம் பக்கத்துப் பட்டங்கட்டியேதான். ஜோசப் என்பது ஞானஸ்நானப் பெயர். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வாஸ். மரபைச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்தச் சமூகம் வைத்திருப்பது முதல் இரண்டையும். நாம் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வம்சாவளி பேசுகிறோம்.

எது உண்மை?

கலப்பே நடக்கவில்லை என்பது என் வாதமல்ல. 1510க்குப் பிறகு கோவாவில் அல்புகெர்க்கு தன் வீரர்களை உள்ளூர்ப் பெண்களை மணக்க ஊக்குவித்தார். கொச்சி, நாகப்பட்டினம், சாந்தோம் ஆகிய இடங்களில் கலப்புக் குடும்பங்கள் வாழ்ந்தன. ஏதோவொரு வாஸின் முன்னோரில் ஒரு மாலுமி இருந்திருக்கலாம். ஆனால் அதைப் பெயர் நிரூபிக்காது, மறுக்கவும் செய்யாது. 1537 முதல் இன்றுவரை தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தால் 16 தலைமுறை. அத்தனை தூரம் பின்னால் போனால் ஒருவருக்கு மூதாதையர் இடங்கள் 65,536. ஒரே ஆள் பல இடங்களில் வரலாம் என்றாலும், குடும்பப்பெயர் தொட்டுக்காட்டுவது அவற்றில் ஒரே ஓர் இடத்தை. அந்த இடத்தில் நின்றவரும் பெயரைச் சீட்டில் வாங்கியவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குடும்பப்பெயருக்குக் கேடயச் சின்னம் அச்சடித்து விற்கும் வியாபாரத்துக்கும் இதே பதில்தான். ஐரோப்பாவில் சின்னம் வழங்கப்பட்டது குறிப்பிட்ட ஆளுக்கும் அவருடைய வாரிசுக்கும். அதே பெயர் கொண்ட எல்லாருக்கும் அல்ல. 'வாஸ் குடும்பச் சின்னம்' என்று வாங்கி மாட்டுபவர் சுவரில் மாட்டுவது வேறொருவருடைய முத்திரையை.

பெருமைக்காகச் சொன்னாலும் 'அந்நியர்' என்று ஒதுக்கச் சொன்னாலும், பெயரை இரத்தமாக வாசிப்பது ஒரே பிழை. பெயருக்கு வரலாறு இல்லாமல் இல்லை. எந்தக் கடற்கரையில், எந்த நெருக்கடியில், யாருடைய பாதுகாப்பைத் தேடி ஒரு சமூகம் என்ன உடன்படிக்கை செய்துகொண்டது என்பதன் பதிவு அது. முத்துச் சலாபத்தைக் காத்துக்கொள்ள மதத்தை மாற்றி, பெயரை ஏற்று, மொழியையும் சாதித்தலைவனையும் விட்டுக்கொடுக்காமல் பேரம் பேசிய மக்களின் அரசியல் அதில் இருக்கிறது. மாலுமி ஒருவனின் வாரிசு என்ற கதையைவிட அது பெருமைக்குரியது. பரதவர் தாமே நடத்திக் காட்டியது. தன் வேர் அறிய விரும்பும் வாஸ் ஒருவர் போக வேண்டிய இடம் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும். பெற்றோர் யார், ஊர் எது, ஞானத்தகப்பன் யார் என்று அவை வரிவரியாகச் சொல்லும். லிஸ்பனை அல்ல, பெரும்பாலும் அடுத்த தெருவையே கைகாட்டும்.