கடப்பாரைக்குக் கண் கிடையாது... காண்டிராக்டருக்குமா?

சென்னையில் ஏதாவது ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் தார் போட்ட சூடு ஆறுவதற்குள் ஒரு ஜேசிபி வந்து நிற்கும். மழைநீர் வடிகால் என்பார்கள், கேபிள் என்பார்கள், பாதாள சாக்கடை என்பார்கள். மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வராது. வந்தால் சாக்கடை நாற்றத்தோடு வரும். அதுவும் இல்லையென்றால் கரண்ட் போகும், இன்டர்நெட் போகும். போய்க் கேட்டால் ரெடிமேடாக ஒரு பதில் இருக்கிறது: "பூமிக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கு சார் தெரியும்?"

இந்தப் பதிலைக் கேட்டு ஊரே தலையாட்டிவிட்டுப் போகிறது. ஆனால் இது பச்சைப் பொய். பூமிக்குள் இருப்பது எதுவும் தானாக முளைத்ததில்லை. ஒவ்வொரு குழாயையும் யாரோ ஒருவர் டெண்டர் விட்டு, இன்னொருவர் பில் போட்டு, மூன்றாமவர் கையெழுத்துப் போட்டுப் புதைத்தது. பில் பாஸ் ஆகும்வரை எத்தனை மீட்டர் என்று துல்லியமாகத் தெரிகிறது. பாஸ் ஆனபிறகு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. விந்தை தான் :-)

தெரிந்துகொள்ள வழியே இல்லையா?

இருக்கிறது. ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை.

முதல் வேலை காகித வேலை. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி, எரிவாயு என்று ஒவ்வொரு துறையிடமும் இருக்கிற பழைய வரைபடங்களை வாங்கிப் பார்ப்பது. இரண்டாவது, தெருவில் இறங்கிக் கண்ணால் பார்ப்பது. மேன்ஹோல் மூடி எங்கே, வால்வு எங்கே, இ.பி. பில்லர் பாக்ஸ் எங்கே என்று பார்த்தாலே லைன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாதி விளங்கிவிடும்.

மூன்றாவது கருவி. கேபிள் லொக்கேட்டர் என்று ஒன்று உண்டு. கையில் பிடித்து நடக்கிற சைஸ் தான். மின்சாரம் ஓடும் கேபிளைச் சுற்றி உருவாகும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அது பிடித்துக் காட்டும். மின்சாரம் ஓடாத உலோகக் குழாய் என்றால் ஒரு டிரான்ஸ்மிட்டரை வைத்து அதில் சிக்னலை ஏற்றி, மேலே ரிசீவரோடு நடந்து தேடலாம். பிளாஸ்டிக் குழாயை இது கண்டுபிடிக்காது. அதற்கு நிலத்தடி ரேடார். சின்ன தள்ளுவண்டி மாதிரி இருக்கும், ரேடியோ அலைகளை மண்ணுக்குள் அனுப்பித் திரும்பி வருவதைப் படம் போடும். ஈரமான களிமண்ணில் இதன் பார்வை மங்கிவிடும் என்பதும் உண்மை. எந்த ஒரு கருவியும் முழுக்கப் போதாது, அதனால் தான் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

கடைசியாக, சோதனைக் குழி. கருவி காட்டிய இடத்தில் மெஷினை விடாமல் கையால் மெதுவாகத் தோண்டி, குழாயைக் கண்ணால் பார்த்துவிடுவது. அதற்குப் பிறகு தான் ஜேசிபி.

அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கம் 2002லேயே இதை ஒரு தர விதியாக எழுதிவிட்டது. வெறும் காகிதத்தில் பார்த்தது என்றால் 'டி' தரம், தரைக்கு மேல் தெரிவதை அளந்து ஒப்பிட்டால் 'சி', கருவி வைத்துத் தேடினால் 'பி', குழி தோண்டிக் கண்ணால் பார்த்தால் 'ஏ'. இங்கே நடப்பது எந்தத் தரம் என்று கேட்டால்... ஆங்கில எழுத்து 'இசட்' வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

தெரியாமல் தோண்டினால் என்ன ஆகும்?

இன்டர்நெட் கட்டானதோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

1995 ஏப்ரல் 28, தென்கொரியாவின் தேகு நகரம். ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டுமான இடத்தில் துளை போட்டவர்கள் எரிவாயுக் குழாயைத் துளைத்துவிட்டார்கள். கசிந்த வாயு பூமிக்கடியிலேயே ஊர்ந்து பக்கத்தில் இருந்த சுரங்க ரயில் கட்டுமானப் பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. காலை நேரத்தில் வெடித்தது. 101 பேர் இறந்தார்கள். அதில் பலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மாணவர்கள்.

2004 ஜூலை 30, பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியன். அங்கே நடந்தது இன்னும் பயங்கரம். கட்டுமான வேலையின்போது எரிவாயுக் குழாய் அடிபட்டிருந்தது, உடனே உடையவில்லை. பிற்பாடு தான் வெடித்தது. 24 பேர் பலி, தீயணைப்பு வீரர்கள் உட்பட. "இடிச்சோம், ஆனா ஒண்ணும் ஆகல" என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறவர்கள் இந்த ஊரின் பெயரை ஒருமுறை தேடிப் படிக்கலாம்.

இங்கேயும் எரிவாயுக் குழாய்கள் நகரங்களின் தெருக்களுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. பழைய பழக்கத்தோடு புதிய குழாய்க்கு மேல் தோண்டினால் அதே கதை இங்கேயும் நடக்க எத்தனை நாள் ஆகும்?

"ஆப் தான் வந்தாச்சே!"

வந்தது. 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யு டிக்' என்ற ஆப்பைப் பிரதமர் தொடங்கி வைத்தார். தோண்டப்போகிறவர் இடத்தைப் பதிவு செய்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். தாறுமாறாகத் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது அரசே சொன்னது.

நல்ல ஏற்பாடு. சந்தேகமே இல்லை. ஆனால் ஆப் மண்ணுக்குள் பார்க்காது. ஒருவரின் தகவலை இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவு தான். தகவலே இல்லாத துறையிடம் ஆயிரம் எஸ்எம்எஸ் போனாலும் பதில் "சுமாரா அந்தப் பக்கம் தான் சார்" என்பதாகத் தான் இருக்கும்.

அமெரிக்காவில் 811 என்ற எண் 2007 மே மாதம் முதல் நாடு முழுக்க இருக்கிறது. போன் செய்கிறவருக்குச் செலவு இல்லை. போன் போன பிறகு ஆட்கள் நேரில் வந்து தரையிலேயே பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு என்றால் மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. தோண்டுகிறவருக்குப் படிப்பு வேண்டாம், மொழி தெரிய வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். நிறம் தெரிந்தால் போதும். அந்தப் பெயின்ட் டப்பா தான் இங்கே இல்லாமல் போனது.

சாக்குகள்

"வரைபடம் எல்லாம் தப்பா இருக்கும் சார்." இருக்கும் தான். கலிஃபோர்னியாவின் வால்நட் கிரீக்கில் 2004 நவம்பரில் ஒரு பெட்ரோல் குழாய் ஒரு மரத்தைச் சுற்றி வளைந்து போயிருந்தது. தரையில் அந்த வளைவு குறிக்கப்படவில்லை. தோண்டும் மெஷின் குழாயை உடைத்தது, தீப்பிடித்து 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். வரைபடம் தப்பாக இருக்கும் என்பது குருட்டுத்தனமாகத் தோண்டுவதற்குக் காரணம் ஆகாது. கருவி வைத்துச் சரிபார்க்கவும், கையால் குழி தோண்டிப் பார்க்கவும் தான் அது காரணம்.

"செலவு அதிகம்." அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 71 நெடுஞ்சாலைத் திட்டங்களை ஆராய்ந்து 1999ல் ஒரு கணக்குச் சொன்னது. இப்படி முன்கூட்டியே தேடுவதற்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 4.62 டாலர் மிச்சம். அந்த ஊர் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது என்று வைத்துக்கொண்டாலும், பாதி மிச்சமானால் கூட லாபம் தானே?

"டைம் இல்லை." குழாயை உடைத்துவிட்டு, லாரித் தண்ணீருக்கு ஊரை வரிசையில் நிற்கவைத்து, ஒட்டுப்போட்டு, மறுபடி தோண்டுவதற்கு மட்டும் டைம் எங்கிருந்து வருகிறது??

உண்மையான காரணம் வேறு. தோண்டுவதற்கு மீட்டர் கணக்கில் ரேட் உண்டு. தேடுவதற்கு டெண்டரில் ஒரு வரி இல்லையென்றால் எந்தக் காண்டிராக்டர் தேடுவார்? உடைத்தால் தண்டம் சொற்பம், தேடினால் நாள் வீண். இந்தக் கணக்கில் உடைப்பது தான் லாபம்.

அந்த லாபம் ஒருவருக்கு. விலை வேறொருவருக்கு. உயரழுத்தக் கேபிளில் கடப்பாரை பட்டால் கருகுவது காண்டிராக்டரின் கை அல்ல. பள்ளத்தில் செருப்பில்லாமல் நிற்கும் கூலித் தொழிலாளியின் கை. விபத்து நடந்ததும் ஜேசிபி டிரைவர் மேல் வழக்கு. வரைபடம் தராத அதிகாரி மேல்? தேடச் சொல்லாத டெண்டர் மேல்?

என்ன செய்யலாம்?

1. லைன் தேடிய ரிப்போர்ட்டும் தரையில் அடித்த குறியின் போட்டோவும் இல்லாமல் ரோடு கட் அனுமதி கிடையாது.
2. தேடுதலுக்கு டெண்டரில் தனியாகப் பணம்.
3. பள்ளத்தை மூடுவதற்கு முன், புதைத்தது எங்கே, எத்தனை ஆழம் என்று ஜி.பி.எஸ். அளவோடு பதிவு. அது வந்து சேரும்வரை டெபாசிட் திரும்பாது.
4. பிளாஸ்டிக் குழாயோடு ஒரு செம்புக் கம்பியும் போக வேண்டும், பிற்பாடு லொக்கேட்டர் கண்டுபிடிக்க. அதற்குமேல் எச்சரிக்கை நாடா.
5. உடைத்தவர் முழு நஷ்டத்தையும் கட்ட வேண்டும். தப்பான வரைபடம் தந்த துறையும் பங்கு கட்ட வேண்டும்.

இதில் மூன்றாவது தான் உயிர்நாடி. நேற்று வரை புதைத்ததைத் தேடுவது கஷ்டம் என்று சொல்லலாம். இன்றைக்குப் புதைப்பதையும் பதிவு செய்யாமல் மூடுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை. இன்றைய பதிவு தான் முப்பது வருஷம் கழித்துத் தோண்டப்போகிறவனுக்கு வரைபடம்.

சிவில் படிக்கும் மக்களுக்கு ஒரு கொசுறு. தியோடலைட், செயின் சர்வே என்று தரைக்கு மேலே அளக்க எத்தனை மணி நேரம் பாடம் நடக்கிறது, தரைக்குக் கீழே தேட எத்தனை மணி நேரம் என்று சிலபஸை எடுத்து எண்ணிப் பாருங்கள். நாளைக்கு அந்த ரோடு கட் பேப்பரில் கையெழுத்துப் போடப்போவது அந்தக் கைகள் தான்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேலை. அடுத்த முறை தெருமுனையில் ஜேசிபி வந்து நின்றால், வேடிக்கை பார்ப்பதற்கு முன் சூப்பர்வைசரிடம் போய்க் கேளுங்கள்: "அண்ணே, கீழ என்ன லைன் போகுதுன்னு பாத்தாச்சா? குறி எங்க போட்டிருக்கீங்க?"

முறைப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.