புழு தின்ற மீன் அருவருப்பா? மத்தி தின்ற இறால் மட்டும் ஆகுமா?



இரண்டு நாளாக நம் குடும்பக் குழுவிலும், பழைய மாணவர் குழுவிலும் ஒரே வீடியோ சுற்றுகிறது. தொட்டி நிறையப் புழு நெளிகிறது. "இனிமே பண்ணை மீனுக்கு இதைத்தான் போடப் போறாங்களாம், மீன் சாப்பிடுறதையே விட்டுடுங்க" என்று கீழே எழுதியிருக்கிறது. அதற்கு நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் வாந்தி எடுக்கிற பொம்மை போட்டிருக்கிறான். முப்பது வருஷத்துக்கு மேல் ஐந்தாம் வகுப்புக்கு உணவுச் சங்கிலி நடத்தியவள் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படியுங்கள்.

வாய்க்காலில் கெண்டை பிடிக்கப் போனீர்களே, தூண்டில் முள்ளில் எதைக் கோத்தீர்கள்? லட்டா? மண்புழுதானே! நாட்டுக்கோழி குப்பையைக் கிளறி எதைத் தின்கிறது? அந்தக் கோழிக்குத்தானே பிராய்லரை விட இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கி வருகிறீர்கள்? குளத்து மீன் கொசுப்புழுவைத் தின்றால் நல்லது, தொட்டியில் வளர்த்த புழுவைத் தின்றால் மட்டும் குமட்டுகிறதா?

அந்தப் புழுவின் பெயர் கருப்புப் படைவீரன் ஈ. கோழி வளர்ப்பவர்கள் பி.எஸ்.எஃப். புழு என்பார்கள். வீட்டு ஈ மாதிரி சோற்றில் வந்து மொய்க்காது, கடிக்காது. புழுவாக இருக்கும்போதே வேண்டியதைத் தின்று சேர்த்துக்கொள்ளும். காய்கறிக் கழிவு, பழத்தோல், தவிடு என்று போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கொழுத்துவிடும். காயவைத்தால் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம். ஐரோப்பிய ஒன்றியம் 2017லேயே பண்ணை மீன் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்துவிட்டது.

இப்போது நான் கேட்கிறேன். இதுவரை பண்ணை இறாலுக்கு எதைப் போட்டார்கள்? அதற்கு யாரும் வீடியோ எடுக்கவில்லையே, ஏன்?

மீனை அரைத்துத்தான் போட்டார்கள். மத்தி, கவலை, காரல் என்று ஏழை வீட்டுச் சட்டியில் கொதிக்க வேண்டிய மீனை வேகவைத்து, பிழிந்து, காயவைத்து, பொடியாக்குகிறார்கள். ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை மீன் வேண்டும். உலகம் முழுக்க 2020இல் இப்படி அரைபட்டது 1 கோடியே 60 லட்சம் டன் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. எண்ணிக்கையில் எழுதினால் எத்தனை சைபர் என்று எண்ணிப் பாருங்கள், கணக்கு மறந்திருக்காது.

நம் கரையில் வேறொரு கூத்தும் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்று விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறோம். தடை முடிந்ததும் சின்னக் கண்ணி மடியில் அதே குஞ்சுகளை வாரிக்கொண்டு வருகிறோம். துறைமுகத்தில் அதைக் கூடையில்கூட அள்ளுவதில்லை, மண்வெட்டியால் வாரி லாரியில் கொட்டுகிறார்கள். ஐஸ் கிடையாது. கழிசல் என்று பெயர். விரல் நீளம் வளராத மீனுக்குக் கழிசல் என்று பெயர் வைத்தது யார்? மீனவரை நான் குறை சொல்ல மாட்டேன். டீசல் விற்கிற விலையில் அந்தக் கழிசல் காசுதான் பல நாள் எண்ணெய்ச் செலவுக்கே ஆகிறது. அதை வாங்குவதற்கு ஒருவர் தயாராக நிற்பதால்தான் அது கரைக்கு வருகிறது. என் கோபம் அந்த வாங்குகிறவர் மேல்.

கேரளத்தில் 2012இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் வெறும் 3,300 டன் அளவுக்கு விழுந்தது. கடல் சூடானதும், எல் நினோவும் இதற்குக் காரணம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் கடல் கெட்டிருக்கிற நேரத்தில் குஞ்சையும் சேர்த்து வாரினால் மிச்சம் என்ன இருக்கும்? 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது சும்மா இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். செனகல், மொரிட்டேனியா, காம்பியா மூன்றிலும் மத்திக்கு உறவான மீன்தான் சாதாரண ஜனங்களின் சாப்பாடு. அதைப் புகைபோட்டு விற்றுப் பிழைத்தவர்கள் பெண்கள். மீன்தூள் ஆலைகள் வந்து படகோடு பேரம் பேசியதும் அந்தப் பெண்களுக்கு மீன் கிடைக்காமல் போனது. தூளோ வெளிநாட்டுப் பண்ணைகளுக்குக் கப்பல் ஏறுகிறது. நம் கருவாட்டுக்காரம்மா கூடையோடு காத்திருந்துவிட்டு வெறுங்கையாகத் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"டீச்சர், மீனுக்கு மீன்தான் சத்து" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தான். தப்பு, கண்ணு. மீனின் உடம்புக்கு வேண்டியது அமினோ அமிலங்கள். அவை எங்கிருந்து வந்தன என்று அது கேட்காது. சோயாவில் மெத்தியோனின் குறைச்சல் என்றால் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மீன் எண்ணெயில் இருக்கிறதே ஒமேகா 3, அதுவும் மீனின் சொந்தச் சொத்து இல்லை. கடலின் நுண்பாசிதான் அதைச் செய்கிறது. பாசியைத் தின்ற சிறு உயிர், அதைத் தின்ற மீன் என்று ஏறி வருகிறது. நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய அதே சங்கிலி! இப்போது அந்தப் பாசியையே தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள். நார்வேயில் சால்மன் தீவனம் 1990இல் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடல் மீனிலிருந்து வந்தது. 2020இல் அது கால் பங்குக்கும் கீழே. சால்மன் அசைவ மீன், ஞாபகம் இருக்கட்டும். அதற்கே முடிகிறது. நம் கட்லாவும் ரோகுவும் தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும் காலகாலமாக வளர்ந்தவை. அவற்றுக்கும் மீன்தூள் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

சோயாவை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. பிரேசிலில் காட்டை அழித்துப் போட்ட சோயா என்றால் அதுவும் பாவம்தான். புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் விஷம். புழுவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பிரிக்காத ஊர்க்குப்பையைப் போட்டால் அதிலுள்ள காட்மியம் போன்ற உலோகம் புழுவின் உடம்பில் தங்கும். வீடியோவைப் பார்த்து நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான், "இதற்கு எந்தக் கழிவைப் போடுகிறீர்கள்?" அதைக் கேட்க ஆளில்லை, வாந்தி பொம்மை போட ஆயிரம் பேர்.

எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று உண்டு. மீன் வெட்டுகிற இடத்தில் தலை, குடல், செதில் என்று வீசுகிறோமே, அதிலிருந்தே தீவனப் பொருள் செய்யலாம். உலகின் மீன்தூளில் மூன்றில் ஒரு பங்கு இப்போது இப்படித்தான் வருகிறது. சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மீன் கழிவிலிருந்து 'பிளாங்டன் பிளஸ்' என்று ஒன்று செய்து குளங்களில் பயன்படுத்திக் காட்டியிருக்கிறது. சாக்கடையில் போவது குளத்துக்குப் போகிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

"விலை கட்டுப்படியாகாது டீச்சர்" என்பீர்கள். ஆமாம், புழுத்தூள் இன்று மீன்தூளை விட விலை அதிகம். இறால் பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான், அதுவும் தெரியும். ஆனால் மீன்தூள் மலிவு என்கிறீர்களே, எப்படி மலிவானது? வளர்ந்தால் பத்துப் பேர் குழம்புக்கு ஆகியிருக்கிற குஞ்சை அடிமாட்டு விலைக்கு வாங்கினதால் மலிவு. மீதி விலையை நாளைக்கு வெறும் வலையை இழுக்கிறவர் கொடுக்கிறார், மத்தி கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டு நகர்ந்து போகிற தாய் கொடுக்கிறாள். அந்தக் கணக்கு உங்கள் நோட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

என் மாணவர்களில் நாலைந்து பேர் இறால் குளம் வைத்திருக்கிறீர்கள். தீவன மூட்டையில் புரதம் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருப்பான். அந்தப் புரதம் எதிலிருந்து வந்தது என்று இருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மூட்டை இறங்கும்போது டீலரிடம் கேளுங்கள்: மீன்தூள் எத்தனை பங்கு, எந்த மீன், முழு மீனா, வெட்டிய கழிவா? அவர் சொன்ன பதிலை இங்கேயே கமென்டில் எழுதுங்கள். "தெரியாது" என்று சொன்னால் அதையும் எழுதுங்கள்.