மழையை அளப்பது யார்?

வருஷப் பிறப்பன்று பஞ்சாங்கம் படிக்கிற புரோகிதர், இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை. அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, நிலத்துக்கு இத்தனை என்று தேசம் முழுமைக்கும் ஒரே கணக்காய் அளந்து விடுகிறார். தட்சணையும் வாங்கிக் கொள்கிறார். பெய்யாது போனால் அவரைக் கேட்பாருண்டா?

கிராமப் பள்ளி மாணவர் கழகம் என்ன செய்கிறது? திறந்த வெளியில் ஒரு மழைமானியை நாட்டி, தினம் காலை 8.30 மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதுகிறது. 1 மில்லி மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். ஒரு பிள்ளை தப்பாய் எழுதினால் அடுத்த பிள்ளை திருத்தலாம். எப்போது விதைக்கலாம், ஏரிக்கரை தாங்குமா என்று யோசிக்க அந்தக் கணக்கு உதவும்.

2023 டிசம்பர் 18 காலை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் என்று சொன்னது எந்தப் பஞ்சாங்கம்? மானியல்லவா சொன்னது! அப்படியிருந்தும் 2019 வறட்சியில், மழைக்காகக் கோயில்களில் யாகம் செய்யும்படி அறநிலையத் துறையே உத்தரவு போட்டது.

தோழர்களே! மானியின் முன் சேரிப் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு ஒன்றுதான். கண்டதை எழுது, எழுதியதைச் சோதி என்கிற இப்பழக்கம் மழையோடு நின்றுவிடாது; சாஸ்திரத்தையும் ஒருநாள் அளந்து பார்க்கும். ஆகவே, யாகத்துக்குக் கொடுக்கும் பணத்தில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மழைமானி வாங்கிக் கொடுங்கள்.