அயலார் வழங்கிய புள்ளிகள்

புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தை அடுத்துள்ள காப்பிக்கடையில் 2025 மே மாதத்து ஞாயிறு ஒன்றில் எழுந்த வாதமே இக்கட்டுரைக்குக் காரணம். அன்று விடியற்காலை மூன்று மணிக்குத்தான் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யூரோவிஷன் பாடல் போட்டியின் இறுதிச் சுற்று தொடங்கியது. உறக்கத்தைத் துறந்து அதனைக் கண்டவர்கள் எங்கள் மேசையில் மூவர் இருந்தோம். சுவீடன் நாட்டுக்கு நான்காம் இடம் கிடைத்தது பற்றிப் பேச்சு வந்தது. என் நண்பர், கல்வியிற் சிறந்தவர், தமிழ்ப்பற்று மிக்கவர், உறுதியாகச் சொன்னார்: “ஆங்கிலத்தில் பாடியிருந்தால் வென்றிருப்பார்கள். உலகத்தார் கேட்கவேண்டுமெனில் உலக மொழியில் பாடவேண்டும். தாய்மொழிப் பாட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.”

மேசையின் ஓரத்தில் எங்கள் கட்டடத்து இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். தமிழில் தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்துப் பாடுபவர். நண்பரின் சொல்லைக் கேட்டதும் அவர் தலை குனிந்தது. அந்தக் குனிந்த தலைக்காகவே எழுதுகிறேன்.

நண்பரின் வாதத்தில் உண்மையே இல்லை என்று கூறமாட்டேன். 1956-இல் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் தொடங்கிய இப்போட்டியில், 1966 முதல் அவரவர் நாட்டு மொழியிலேயே பாடவேண்டும் என்ற விதி இருந்தது. 1973-இல் தளர்ந்தது, மறு ஆண்டே சுவீடனின் ஆபா குழுவினர் ஆங்கிலத்தில் பாடி வென்றனர். 1977-இல் விதி மீண்டும் வந்தது. 1999-இல் முற்றாக நீங்கியது. அவ்வாண்டு முதல் 2025 வரை நடைபெற்ற 26 போட்டிகளில், முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ ஆங்கிலத்தில் அமைந்த பாடல்கள் 22 முறை வென்றுள்ளன. செர்பியா, போர்ச்சுகல், இத்தாலி, உக்ரைன் ஆகிய நான்கு நாடுகளே முற்றிலும் தம் மொழியில் பாடி வாகை சூடின. கணக்கு நண்பரின் பக்கம் நிற்பதாகவே தோன்றும்.

ஆனால் கணக்கை முழுமையாகப் பார்க்கவேண்டாமா? ஆங்கிலத்தில் பாடியோர் மிகுதி. ஆதலின் வென்றோரும் மிகுதி. தோற்றோரும் ஆங்கிலத்திலேயே மிகுதி என்பதை ஏன் மறந்தோம்? 2021-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தின் தாயகமாகிய பிரிட்டன், ஆங்கிலத்தில் பாடி, நடுவர்களிடமும் மக்களிடமும் ஒரு புள்ளிகூடப் பெறாமல் வெறுங்கையுடன் திரும்பியது. அதே மேடையில் இத்தாலிய மொழிப் பாடல் முதலிடம் பெற்றது. மொழியே வெற்றி தருவதாயின் இந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு?

போர்ச்சுகல் இப்போட்டியில் முதலில் கலந்துகொண்டது 1964-இல். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வெற்றி அதனை அண்டவில்லை. 2017-இல் சால்வடோர் சோப்ரால் என்னும் இளைஞர், தம் உடன்பிறந்தாள் இயற்றிய பாடலைப் போர்ச்சுகீசிய மொழியில், ஆரவாரமின்றி, மெல்லிய குரலில் பாடினார். 758 புள்ளிகள் குவிந்தன. 2025 வரை எந்த நாடும் அந்த எண்ணிக்கையைத் தாண்டவில்லை. 2023-இல் பின்லாந்தின் காரியா பின்னிய மொழியில் பாடினார். நடுவர்களின் மதிப்பீட்டால் இரண்டாம் இடமே கிடைத்தது. எனினும் மக்கள் வாக்கில் 376 புள்ளிகள் பெற்று அவரே முதல்வராக நின்றார். பின்லாந்தின் மக்கள் தொகை சிங்கப்பூரின் மக்கள் தொகையை ஒத்த சிறு தொகைதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு விதியை நினைவிற்கொள்ள வேண்டும். இப்போட்டியில் எந்த நாட்டாரும் தம் நாட்டுப் பாடலுக்கு வாக்களிக்க இயலாது. ஆகவே பின்லாந்து பெற்ற புள்ளிகள் யாவும் பிற நாடுகளிலிருந்து வந்தவை. போர்ச்சுகல் பெற்றவையும் அத்தகையனவே. 2023 முதல் போட்டியில் பங்குபெறாத நாட்டினரும் இணையவழி வாக்களிக்கலாம் என்றாகிவிட்டது. புக்கிட் மேராவில் இருந்துகொண்டு நானும் வாக்களிக்கலாம், நண்பரும் வாக்களிக்கலாம். “மொழி புரியாதவன் எப்படி இரசிப்பான்?” என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்கு மொழி புரியாதவர்களே விடையளித்துவிட்டனர்.

நண்பர் குறைகூறிய சுவீடனின் கதையோ இன்னும் பொருள் பொதிந்தது. 1999 முதல் ஆங்கிலத்தையே நம்பியிருந்த அந்நாடு, 1998-க்குப் பின் முதன்முறையாக 2025-இல்தான் சுவீடிய மொழிப் பாடலை அனுப்பியது. பாடிய மூவரும் சுவீடனில் பிறந்தவர்கள்கூட அல்லர். பின்லாந்தில் சிறுபான்மையினராக வாழும் சுவீடிய மொழியினர். தங்கள் ஊர்ப் பேச்சுவழக்கில், தங்கள் ஊர் நீராவிக் குளியலைப் பற்றிப் பாடினார்கள். தாய்நிலத்துக்கு வெளியே வாழும் ஒரு சிறு கூட்டத்தாரின் வட்டார வழக்கு, ஐரோப்பாவின் நான்காம் பாடலாக உயர்ந்தது. இதனைத் தோல்வி என்று சொல்ல, கடல்கடந்து வாழும் தமிழனுக்கா மனம் வரவேண்டும்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2012-இல் சோல் நகரில் ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கத்தின் முதல் தொலைக்காட்சிப் பாடல் விழா நடந்தது. அதில் சிங்கப்பூரின் சார்பில் தவ்பிக் பாத்திசா பாடியது மலாய்ப் பாடல். அதனால் நாட்டின் பெருமை குறைந்துவிட்டதா? நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள், 1960-களில், எஸ். ஜேசுதாசன் ‘முன்னேறு வாலிபா’வை இயற்றினார். தமிழ் அறியாத பிள்ளைகளும் தேசிய நாளில் அதனைப் பாடி வருகின்றனர். அவர்களுக்கு மொழி தடையாகவில்லை.

திரைக்கு வெளியே தமிழில் பாப்பிசை வாழாது என்பாரும் உளர். ஈழத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் 1970-களிலேயே அதனை வாழவைத்துக் காட்டினர். மலேசியாவின் யோகி பி. குழுவினர் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தமிழகத்தையும் திரும்பிப் பார்க்கவைத்தது. 2021-இல் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர் துயரை உலகின் செவிக்குக் கொண்டு சென்றது. அது எந்தப் படத்தின் பாடலும் அன்று.

அவ்வாறிருக்க நாம் என்ன செய்கிறோம்? எங்கள் வட்டாரத்து விழா ஒன்றில் அந்த இளைஞர் தம் பாடலைப் பாட இடம் கேட்டார். நாள்தோறும் நாம் நடக்கும் இந்தப் புக்கிட் மேரா வீதிகளையும், அந்திக்குப் பின் கீழ்த்தளத்தில் அமர்ந்து பேசும் முதியோரையும் பற்றிய பாடல் அது. “யாருக்கும் தெரியாத பாட்டு வேண்டாம், ஒரு சினிமாப் பாட்டுப் பாடுங்கள்” என்றனர் ஏற்பாட்டாளர்கள். அவரும் பாடினார், கைதட்டல் பெற்றார். மேடையைவிட்டு இறங்கியபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

ஒருபுறம் ‘ஆங்கிலத்தில் பாடு’ என்கிறார் என் நண்பர். மறுபுறம் ‘சென்னைப் பாட்டைப் பாடு’ என்கின்றனர் விழா நடத்துவோர். இரண்டும் வேறுவேறு அறிவுரைகள் போலத் தோன்றினும் அடிப்படை ஒன்றே: ‘உனக்கென்று ஒரு குரல் வேண்டாம்’ என்பதே அது. யூரோவிஷன் மேடையில் பழைய பாட்டுக்கு இடமில்லை. மூன்று நிமிடங்களுக்கு மிகாத புதிய பாடலே ஏறமுடியும். நம் போட்டிகளிலோ, மூலப் பாடகரை எவ்வளவு ஒத்துப் பாடுகிறாரோ அவ்வளவு மதிப்பெண். இப்படி நிழலுக்குப் பரிசளித்துக்கொண்டே, இம்மண்ணில் உருவம் தோன்றவில்லையே என்று வருந்துவதில் பொருளுண்டா?

திரையிசையை வெறுக்கச் சொல்லவில்லை. அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆங்கிலத்தில் பாட விரும்புவோர் பாடட்டும். அது அவர்தம் உரிமை. நான் கேட்பது சிறிது. நம் மன்றங்களும் சமூக நிலையங்களும் நடத்தும் ஒவ்வொரு பாட்டுப் போட்டியிலும், இங்கே எழுதி இங்கே மெட்டமைத்த புதிய தமிழ்ப் பாடலுக்கென ஒரு சுற்று ஒதுக்குங்கள். முதல் ஆண்டில் பாடல்கள் குறையுடையனவாக இருக்கலாம். கேட்பதற்குப் பொறுமை வேண்டும். போர்ச்சுகல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுத்தது. நாம் ஐந்து ஆண்டுகள் பொறுக்கமாட்டோமா?

என் நண்பர் இக்கட்டுரையைப் படித்து மறுப்புரைப்பார், அதனை வரவேற்கிறேன். ஆனால் அதற்கு முன் அந்த இளைஞரின் பாடலை ஒருமுறை அவர் கேட்கவேண்டும். அதற்குப் புள்ளி வழங்கும் பொறுப்பை அயலாருக்கு விட்டுவிடுவோம். முதலில் கேட்கும் கடமையோ நம்முடையது.