வெற்றுக் கட்டத்தில் மறையும் குடும்பங்கள்

அரசாங்க உதவித்தொகை தேவைப்படுவோருக்கே சேர வேண்டும் என்ற நோக்கில், 2024 ஜனவரி 2ஆம் தேதி ‘பாடு’ எனும் முதன்மைத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. மக்கள் தங்கள் விவரங்களைப் புதுப்பிக்க மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டது.

இத்தகைய தரவுத்தளம் எதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குடும்பத்தின் வருமானக் கட்டம் நிரப்பப்படாவிட்டால், எஸ்கியூஎல் மொழியில் அது ‘நல்’ ஆகிறது. நல் என்பது பூஜ்யம் அன்று. ‘தெரியாது’ என்று பொருள். ‘வருமானம் 5,000 வெள்ளிக்குக் கீழ்’ என்று தேடினால் அக்குடும்பம் வராது. ‘5,000 வெள்ளியும் அதற்கு மேலும்’ என்று தேடினாலும் வராது. சராசரிக் கணக்கிலும் சேராது. ‘வருமானம் = நல்’ என்று எழுதினாலும் பயனில்லை; தெரியாத ஒன்றை எதனோடும் ஒப்பிட முடியாதே! ‘வருமானம் இஸ் நல்’ என்று கேட்டால் மட்டுமே விடுபட்டவர்கள் திரைக்கு வருவர்.

இணைய வசதியோ, படிவம் நிரப்ப ஆள்துணையோ இல்லாதவர்களே விடுபடும் வாய்ப்பு அதிகம். உதவி அதிகம் தேவைப்படுவோரும் அவர்களாகவே இருக்கக்கூடும். ஆகவே தரவுத்தளம் பயிலும் மாணவர்கள், ‘யாருக்குத் தகுதி உண்டு?’ என்று கேட்குமுன் ‘யாருடைய விவரம் இல்லை?’ என்று கேட்கப் பழக வேண்டும். அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு தேடிச் செல்வது அதிகாரிகளின் கடமை.